நிழல் விழுமா என்று கேளுங்கள்: தஞ்சாவூரில் இரண்டு நாள்

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு டிராவல்ஸ்காரரின் வேனில் தஞ்சாவூர் போனோம். பெயர் வேண்டாம். ஒரே நாளில் ஒன்பது இடம் என்று நோட்டீஸ் அடித்திருந்தார்கள். பெரிய கோயில் வாசலில் எங்களை இறக்கிவிட்டபோது மணி 12 ஆகப்போகிறது, 12.30-க்கு சன்னதி நடை சாத்திவிடுவார்கள், செருப்பை விட்டுவிட்டு உள்ளே காலை வைத்தால் கருங்கல் தோசைக்கல் மாதிரி கொதிக்கிறது. அம்மா ஒரு கையில் முழங்காலையும் இன்னொரு கையில் என் தோளையும் பிடித்துக்கொண்டு நிழலுக்கு நிழல் தாவிப் போனார். 40 நிமிடத்தில் வேன் ஹாரன் அடித்தது. ஊருக்கு வந்து போட்டோக்களைப் பார்த்தால் எல்லாவற்றிலும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறோம். கோயிலைப் பற்றி எங்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை, பெரியது என்பதைத் தவிர.

அந்தக் குறை மனதிலேயே இருந்தது. போன ஜனவரி கடைசியில் நான், அம்மா, எட்டாவது படிக்கிற என் மகள், மூன்று பேரும் எந்தப் பேக்கேஜும் இல்லாமல் சென்னையிலிருந்து கிளம்பினோம். இரண்டு நாள். ஒரு கைடு, ஒரு ஆட்டோ, இரண்டாம் நாளுக்கு ஒரு வாடகைக் கார். இது அந்த ஏற்பாட்டைப் பற்றிய என் கருத்து. கைடுக்கு 5-க்கு 5. ஆட்டோவுக்கு 4. மற்றதைப் போகப்போகச் சொல்கிறேன்.

ரயில் விஷயம் சுலபம். சென்னையிலிருந்து இரவு உழவன் எக்ஸ்பிரஸ் பிடித்தால் விடிவதற்கு முன்பே தஞ்சாவூரில் இறக்கிவிடும். நிலையத்திலிருந்து கோயில் இரண்டு கிலோமீட்டருக்குள்தான். சிக்கல் தங்கும் இடத்தில் வரும். அதிகாலையில் போய் நின்றால் சில லாட்ஜ்களில் முந்தின நாள் வாடகையையும் சேர்த்துக் கேட்கிறார்கள். போன் பண்ணும்போதே 24 மணி நேரக் கணக்கா, இல்லை மதியம் 12 மணிக் கணக்கா என்று கேட்டுவிடுங்கள். நாங்கள் 24 மணி நேரக் கணக்கு உள்ள ஒரு சாதாரண லாட்ஜை நிலையத்துக்குப் பக்கத்திலேயே பிடித்தோம். குளித்து, காபி குடித்து, ஏழு மணிக்கெல்லாம் கோயில் வாசலில் இருந்தோம். நடை ஆறு மணிக்கே திறந்துவிடும். நுழைவுக் கட்டணம் கிடையாது.

இந்த ஏழு மணிதான் முக்கியம். தஞ்சாவூர்த் திட்டம் போடுகிறவர்கள் இடங்களின் பட்டியலை எழுதிக்கொண்டு ஆரம்பிக்கிறார்கள். கல் எப்போது சுடும், நடை எப்போது சாத்தும் என்பதை வைத்து ஆரம்பித்தால் பட்டியல் தானாகச் சரியாகிவிடும். காலை பெரிய கோயில், வெயில் ஏறியதும் கூரை இருக்கிற அரண்மனை, சாயங்காலம் மறுபடி பெரிய கோயில். ஒரே கோயிலுக்கு இரண்டு தடவையா என்று என் நாத்தனார் கேட்டார். ஆமாம், இரண்டு தடவை. நாங்கள் கடைசியில் மூன்று தடவை போனோம்.

இப்போது கைடுக்கு வருகிறேன். வாசலில் நின்றால் நான்கைந்து பேர் வருவார்கள். சுற்றுலாத் துறை கொடுத்த அடையாள அட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அது சரி. அதற்கு மேல் எப்படித் தேர்ந்தெடுப்பது? நான் எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: "கோபுர நிழல் தரையில விழுமா?" முதலில் வந்தவர் "விழவே விழாதும்மா, அதுதான் ராஜராஜனோட அதிசயம்" என்றார். இரண்டாமவரும் அதையே சொன்னார். மூன்றாவதாக, சுவரோரம் தினத்தந்தி படித்துக்கொண்டிருந்த ஒருவர், 55 வயது இருக்கலாம், பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "வெயில்ல நிக்கிற எதுக்கும் நிழல் உண்டும்மா. காலையில மேற்கால விழும், சாயங்காலம் கிழக்கால விழும். வாங்க, காமிக்கிறேன்." அவரையே வைத்துக்கொண்டோம். மூன்று மணி நேரத்துக்கு 1,000 ரூபாய் பேசினோம்.

அவர் செய்த முதல் காரியம் எங்களைச் சன்னதிக்குக் கூட்டிப்போகாமல் நேரே கோயிலின் பின்பக்கம், மேற்குப் பிரகாரத்துக்குக் கூட்டிப்போனது. கருவறைக்கு மேலே எழும்பும் 216 அடி விமானத்தின் நிழல், நாம் கோபுரம் என்று சொல்வது அதைத்தான், அந்தப் பிரகாரம் முழுக்கப் படுத்திருந்தது, மதிலை ஒட்டிய திருச்சுற்று மாளிகை வரைக்கும். கல் ஜில்லென்று இருந்தது. சின்ன வயதிலிருந்து நிழல் விழாத கோயில் என்று கேட்டே வளர்ந்த அம்மா அந்த நிழலிலேயே காலை நீட்டி உட்கார்ந்தார். "பொய் சொல்லித்தான் இதைப் பெருசுபடுத்தணுமா" என்று அம்மாவே கேட்டார். முழங்கால் வலி உள்ளவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: காலையில் விமானத்துக்குப் பின்பக்கம், சாயங்காலம் விமானத்துக்கு முன்பக்கம். இரண்டு வேளையும் நிழல் கிடைக்கும்.

உச்சியில் இருப்பது 80 டன் ஒற்றைக் கல் என்கிற கதையையும் அவர் மென்மையாக எடுத்து ஓரம் வைத்தார். பல கற்களைப் பொருத்தியது என்றுதான் ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள் என்றார். "ஒத்தக் கல்லுன்னா அதுல பலசாலித்தனம் இருக்கு, பல கல்லுன்னா அதுல கணக்கு இருக்கு, கணக்குதாம்மா பெருசு" என்று அவர் சொன்னது என் மகளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது, அவளுக்குக் கணக்கு பிடிக்கும். நந்தி வளர்ந்துகொண்டே போனதால் முதுகில் ஆணி அடித்தார்கள் என்பதையும் சொன்னார், ஆனால் கதை என்று சொல்லித்தான் சொன்னார், அப்புறம் அந்த நந்தி ராஜராஜன் வைத்ததல்ல, நாயக்கர் காலத்தது என்பதையும் சேர்த்துச் சொன்னார். அம்மன் சன்னதி பாண்டியர் காலம், முருகன் சன்னதி நாயக்கர், தென்மேற்கு மூலையில் சுவரில் மராத்தியில் வெட்டியிருப்பது மராத்திய அரசர் சரபோஜி 1803-ல் தன் குல வரலாற்றை எழுதிவைத்தது. ஒரே வளாகத்துக்குள் நடக்க நடக்க நூற்றாண்டு மாறிக்கொண்டே வருகிறது. ஒருவர் கைகாட்டிச் சொல்லாமல் இது நமக்குத் தெரியவே தெரியாது, எல்லாம் ஒரே கல்லாகத்தான் தெரியும்.

நான் இந்தக் கைடுக்கு முழு மதிப்பெண் கொடுப்பதற்குக் காரணம் அடுத்து நடந்ததுதான். விமானத்தின் வடபக்கம், சண்டிகேசுவரர் சன்னதியை ஒட்டி, அடிப்பீடத்தில் வரிவரியாக எழுத்து. அதன் முன்னால் எங்களை நிறுத்தி, ஒரு சின்னக் குச்சியைக் கல்லில் படாமல் காற்றிலேயே நகர்த்திக்கொண்டு படித்தார். "நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும் ஸ்ரீவிமானத்தில் கல்லிலே வெட்டுக." ராஜராஜன் தன் 26-ஆம் ஆட்சியாண்டில் வாயால் சொன்ன உத்தரவு. இந்தக் கோயிலுக்கு நான் கொடுத்தது, என் அக்கா கொடுத்தது, என் மனைவிமார் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது, எல்லாவற்றையும் கல்லில் எழுதுங்கள் என்கிறான். வரிசையைப் பாருங்கள் என்றார் கைடு. தனக்கு அடுத்தபடியாக அக்கா. குந்தவை. அந்த அக்கா என்ன கொடுத்தாள் என்பதும் இதே கோயிலில் வெட்டப்பட்டிருக்கிறது: இறந்துபோன அப்பாவுக்கும் அம்மாவுக்கும் செப்புத் திருமேனி செய்து வைத்திருக்கிறாள்.

அம்மா எழுந்து வந்து "அந்த அக்காங்கற எழுத்து எது, காட்டுங்க" என்றார். அம்மாவுக்கு ஒரு அக்கா, என் பெரியம்மா, கொரோனா காலத்தில் போய்விட்டார். கைடுக்கு அதெல்லாம் தெரியாது. ஆனால் நிதானமாக எழுத்தெழுத்தாகக் காட்டினார். புள்ளி வைக்கும் வழக்கம் அந்தக் கல்லில் இல்லை, அதனால் "அககன" என்றுதான் கண்ணுக்குத் தெரியும், நாமாகத்தான் புள்ளி வைத்துப் படித்துக்கொள்ள வேண்டும். என் மகள் க-வைப் பிடித்துக்கொண்டாள், அப்புறம் ட, அப்புறம் ந. அரை மணி நேரத்தில் அவள் வரிக்கு நான்கைந்து எழுத்து படித்தாள். ஆயிரம் வருடத்துக்கு முந்தின எழுத்தை எட்டாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்க முடிகிறது என்பதை நேரில் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த ஒரு சுவரில் மட்டும் ஒரு மணி நேரம் நின்றோம். வேன்காரர் மொத்தக் கோயிலுக்கும் கொடுத்தது 40 நிமிடம்.

இன்னொன்று, வெளிப்பக்கத்தில் இருக்கும் தளிச்சேரிக் கல்வெட்டு. ஆடல்பாடலுக்காகச் சோழநாட்டின் பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 பெண்களைத் தஞ்சாவூருக்கு வரவழைத்துக் கோயிலைச் சுற்றி வீடு கொடுத்திருக்கிறார்கள். 400 பேருடைய பெயரும் இருக்கிறது. எந்தத் தெரு, எந்தச் சிறகு (வீட்டு வரிசை), எத்தனாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், எல்லாம் இருக்கிறது. முதல் வீடு திருவையாற்றிலிருந்து வந்த நக்கன் சேரமங்கைக்கு. ஆளுக்கு ஒரு பங்கு, ஒரு பங்குக்கு வருடத்துக்கு 100 கலம் நெல். பின்னாலேயே கணக்கர், தையல்காரர், குயவர், வண்ணார், நாவிதர், விளக்கேற்றுகிறவர், குடைபிடிக்கிறவர் என்று போய்க்கொண்டே இருக்கிறது. கோயிலைக் கட்டிய பெருந்தச்சன் பெயரும் கல்வெட்டில் வருகிறது, குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன். ராஜா பெயர் மட்டும்தான் கல்லில் நிற்கும் என்று நினைத்திருந்தேன். சேரமங்கையின் வீட்டு விலாசம் நிற்கிறது.

கருவறையைச் சுற்றியுள்ள உள்சுற்றில் சோழர் கால ஓவியங்கள் இருக்கின்றன. மேலே நாயக்கர் கால ஓவியம் பூசியிருந்ததால் அடியில் இருப்பது யாருக்கும் தெரியாமல் இருந்து 1931-ல் எஸ்.கே. கோவிந்தசாமி என்பவர்தான் கண்டுபிடித்தார். அங்கே பொதுமக்களை விடுவதில்லை. மேல்தளத்தில் நாட்டிய நிலைகளைக் காட்டும் கரணச் சிற்பங்களுக்கும் அதேதான்: 108-ல் 81 மட்டும் செதுக்கி, மீதிக் கல்லை வெறுமனே விட்டிருக்கிறார்கள், அதைக் கேட்டதும் மகள் "ஏன் நிறுத்திட்டாங்க?" என்றாள், கைடு "அதைக் கல்லுல எழுதலையே பாப்பா" என்றார். ஓவியங்களின் புகைப்படங்களைத் திருச்சுற்றில் இருக்கும் தொல்லியல் துறையின் விளக்க மையத்தில் வைத்திருக்கிறார்கள், பலர் அதைக் கழிவறை என்று நினைத்தோ என்னவோ எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. பாருங்கள். வெள்ளை யானையில் சுந்தரர் கயிலாயம் போகும் காட்சிக்கு முன்னால் நாங்கள் வெகுநேரம் நின்றோம்.

வெளியே வரும்போது ராஜராஜன் திருவாசல் துவாரபாலகர் முன்னால் ஒரு நிமிடம் நில்லுங்கள். பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் காட்ட வேண்டும். ஒரு பாம்பு யானையை விழுங்கிக்கொண்டிருக்கும். யானை எவ்வளவு பெரிது, அதை விழுங்கும் பாம்பு எவ்வளவு பெரிது, அந்தப் பாம்பையே ஒரு பொருட்டாக மதிக்காமல் நிற்கிற காவல்காரன் எவ்வளவு பெரியவன், அவன் கையைக் காட்டுகிற திசையில் உள்ளே இருப்பவர் எவ்வளவு பெரியவர். ஒரு கை அகலச் சிற்பத்தில் இவ்வளவையும் சொல்லிவிட்டான் சிற்பி.

பத்தரை மணிக்குக் கல் சுட ஆரம்பித்தது. பழைய காலுறை ஒரு ஜோடி பையில் போட்டுக்கொண்டு போங்கள், இது சின்ன விஷயமாகத் தெரியும், அங்கே போனால்தான் அருமை தெரியும். அம்மாவுக்கும் மகளுக்கும் கொண்டுபோனேன், எனக்கு மறந்துவிட்டேன்.

டிபனுக்குப் பிறகு அரண்மனை. ஆட்டோக்காரத் தம்பி நல்ல பையன், அம்மா ஏறி இறங்கும்போதெல்லாம் வண்டியைப் படிக்கட்டுப் பக்கம் ஒட்டி நிறுத்தினான். பாதி நாளுக்கு 600 ரூபாய் பேச்சு. ஒரு மதிப்பெண்ணை ஏன் குறைத்தேன் என்றால், கேட்காமலேயே ஒரு கைவினைப் பொருள் கடையில் கொண்டுபோய் நிறுத்தினான். உள்ளே போனால் தலையாட்டி பொம்மைக்கு வாயில் வந்த விலை. கமிஷன் கிடைக்கும் என்று அவனே அப்புறம் ஒப்புக்கொண்டான். "தம்பி, அந்தக் காசை நானே தர்றேன், இனிமே கடைக்குக் கூட்டிப்போகாதே" என்று சொன்னேன், அதற்கப்புறம் பிரச்சினை இல்லை. கிளம்பும்போதே இதைப் பேசிவிடுவது நல்லது. பொம்மையும் கலைத்தட்டும் வேண்டுமென்றால் அரசின் பூம்புகார் விற்பனை நிலையத்தில் விலையைப் பார்த்துவிட்டு மற்ற இடங்களில் பேரம் பேசலாம்.

அரண்மனையை நாயக்கர்கள் கட்ட ஆரம்பித்து மராத்தியர்கள் விரிவுபடுத்தினார்கள். ஒரே வளாகத்துக்குள் வெவ்வேறு பகுதிக்கு வெவ்வேறு டிக்கெட், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் கால் ஓய்ந்துவிடும். இரண்டை மட்டும் சொல்கிறேன், கலைக்கூடம், சரஸ்வதி மகால் நூலகத்தின் அருங்காட்சியகம். விடுமுறை நாள் எது என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள்.

கலைக்கூடத்தில் செப்புத் திருமேனிகள் இருக்கும் மண்டபத்துக்குள் நுழைந்ததும் நேரே ரிஷபவாகன தேவரிடம் போங்கள். திருவெண்காட்டில் கிடைத்தது. சிவன் ஒரு காலை மடக்கி, வலது முழங்கையை எதன் மீதோ சாய்த்துக்கொண்டு நிற்கிறார். எதன் மீது? அங்கே ஒன்றுமில்லை. சாய்ந்திருந்த காளை காணாமல் போய்விட்டது. ஆனால் அந்தக் கை எவ்வளவு இயல்பாகச் சாய்ந்திருக்கிறது என்றால், கொஞ்ச நேரம் பார்த்தால் காளை இருக்கிற இடம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிடுகிறது, அதன் உயரம்கூட. தலைமுடியைத் தலைப்பாகை மாதிரி சுற்றியிருக்கிறது, அதற்குள் பாம்பு. முதுகுப் பக்கமும் போய்ப் பாருங்கள், முதுகிலும் அதே அக்கறை.

அதன் காலத்தைப் பார்த்தேன், 1011. அம்மாவிடம் சொன்னேன், இதுவும் ராஜராஜனின் 26-ஆம் ஆட்சியாண்டு. காலையில் நாம் படித்த அந்த உத்தரவும் 26-ஆம் ஆண்டு. "அக்கன் குடுத்தனவும்" என்று ஒரு தச்சன் தஞ்சாவூரில் கல்லில் உளி வைத்துக்கொண்டிருந்த அதே காலத்தில் திருவெண்காட்டுக்காக யாரோ மெழுகில் இந்த முழங்கையை வளைத்திருக்கிறான். காலையில் கோயிலைப் பார்த்துவிட்டு மதியம் இங்கே வரவேண்டும் என்று நான் சொல்வது வெயிலுக்காக மட்டும் இல்லை, ஒன்று மற்றொன்றைத் திறந்துவிடுகிறது. தாராசுரத்திலிருந்து கொண்டுவந்த கஜசம்ஹார மூர்த்தியும் இங்கேதான் இருக்கிறது, மறுநாள் தாராசுரம் போகிறவர்கள் அதையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

நூலக அருங்காட்சியகம் சின்னதுதான். அது இரண்டாம் சரபோஜியின் மனதுக்குள் போய்வந்த மாதிரி இருக்கும். ஓலைச்சுவடிகள், வரைபடங்கள், அப்புறம் மனித முகத்தையும் மிருக முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட லெ புருன் என்கிற பிரெஞ்சு ஓவியரின் படங்கள். மகள் அந்தப் படங்களின் முன்னால் நின்று எங்கள் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு மிருகம் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். இந்த ராஜா கண் வைத்தியத்தில் ஈடுபாடு கொண்டு நோயாளிகளின் கண்களை வரைந்து குறிப்பெழுதி வைக்கச் செய்தவர். ஒரு சிற்றரசனுக்கு, கம்பெனிக்காரனிடம் ஆட்சியைக் கொடுத்துவிட்டுக் கோட்டைக்குள் உட்கார்ந்திருந்தவனுக்கு, இவ்வளவு தெரிந்துகொள்ள ஆசை இருந்திருக்கிறது.

நான்கு மணிக்கு நடை திறக்கும், நாலரைக்கு மறுபடி கோயில். கைடு இல்லாமல் நாங்கள் மட்டும். சாயங்கால வெயிலில் விமானம் தேன் நிறத்துக்கு மாறுகிறது, ஊர்க்காரர்கள் புல்தரையில் குழந்தைகளை விட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், ஒரு ஓதுவார் எங்கோ பாடிக்கொண்டிருந்தார். போகிற தேதியில் பிரதோஷம் இருக்கிறதா என்று காலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். பிரதோஷத்தன்று நந்தி அபிஷேகத்துக்கு வரும் கூட்டத்தில் கல்வெட்டு பார்க்க முடியாது, அபிஷேகம் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் அதைவிட நல்ல நாள் கிடையாது. ஐப்பசி சதய விழாவுக்கும் இதே கணக்குதான். ஜனவரியில் திருவையாற்றுத் தியாகராஜர் ஆராதனை நாட்களில் ஊரில் அறை கிடைப்பது கஷ்டம், எங்கள் தேதியை அதற்குத் தகுந்தாற்போல் ஒரு வாரம் தள்ளித்தான் வைத்தேன்.

இரண்டாம் நாள் காலையில் கார் எடுத்துத் தாராசுரம். கும்பகோணத்துக்கு மூன்று நான்கு கிலோமீட்டர் முன்னால். இரண்டாம் ராஜராஜன் கட்டியது, பெரிய கோயிலுக்கு ஒன்றரை நூற்றாண்டு பின்னால். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தவர்களுக்கு இது மருந்து, இங்கே குனிந்து பார்க்க வேண்டும். நாயன்மார்கள் கதை அத்தனையும் விமானத்தைச் சுற்றி அடிப்பகுதியில் ஒரு சாண் உயரச் சிற்பங்களாக ஓடுகிறது. யானைக்கும் காளைக்கும் ஒரே தலை, ஒரு பக்கம் மறைத்தால் யானை, மறுபக்கம் மறைத்தால் காளை, என் மகள் இரண்டு கையாலும் மாற்றி மாற்றி மூடி அரை மணி நேரம் விளையாடினாள். இதற்கும் பெரிய கோயிலுக்கும் கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் சேர்த்துத்தான் யுனெஸ்கோ பட்டியலில் ஒரே பெயர். 1987-ல் பெரிய கோயில், 2004-ல் மற்ற இரண்டும் சேர்ந்தன. அதனால் மூன்றையும் இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்று எல்லோருக்கும் ஆசை வரும், எனக்கும் வந்தது. கங்கைகொண்ட சோழபுரம் தஞ்சாவூரிலிருந்து 70 கிலோமீட்டர். போனால் தாராசுரத்தை ஓடிக்கொண்டே பார்க்க வேண்டியிருக்கும். விட்டுவிட்டேன். ராஜேந்திரனுக்கு என்று தனியாக ஒரு நாள் ஒதுக்க வேண்டும், அவன் ஊரை வேறொன்றின் வாலாகப் பார்க்க எனக்கு மனமில்லை.

கும்பகோணத்தில் ஒரு டிகிரி காபி. மதியத்துக்குள் தஞ்சாவூர் திரும்பிவிட்டோம், வாழை இலையில் சாப்பாடு, வத்தக்குழம்பு நன்றாக இருந்தது. அப்புறம் வீணை செய்கிற ஒரு பட்டறை. வாசலிலேயே பலாமரத் தூள் வாசனை. ஒரே கட்டையில் குடைந்து செய்வதை ஏகாந்த வீணை என்கிறார்கள். ஒரு பெரியவர் தண்டியில் மெழுகு வைத்துக்கொண்டிருந்தார், அம்மா கேட்டதற்கெல்லாம் கையை நிறுத்தாமலேயே பதில் சொன்னார். வாங்காவிட்டாலும் முகம் சுளிக்கவில்லை. எங்கள் ஆட்டோத் தம்பிதான் கூட்டிப்போனான், இங்கே கமிஷன் கிடையாது என்று சிரித்துக்கொண்டே சொன்னான்.

சாயங்காலம் சிவகங்கைப் பூங்காப் பக்கம் சுவார்ட்ஸ் தேவாலயம், 1779-ல் கட்டியது. திறந்திருக்கும் நேரத்தை முதல் நாளே விசாரித்து வைத்திருந்தோம். உள்ளே ஒரு பளிங்குச் சிற்பம், இங்கிலாந்துச் சிற்பி ஃபிளாக்ஸ்மன் செதுக்கியது. சாகக் கிடக்கிற பாதிரியார் சுவார்ட்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு சரபோஜி நிற்கிறார். தன்னை வளர்த்து ஆளாக்கியவருக்காக அரசரே செய்து வைத்தது. முந்தின நாள் நூலகத்தில் பார்த்த ஆளை இங்கே வேறு மாதிரி பார்த்தோம். பத்து நிமிடம்தான் ஆகும், ஆனால் பெரிய கோயிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிற இந்தத் தேவாலயத்தைப் பற்றி எந்த வேன்காரரும் சொல்வதில்லை.

செலவு என்று பார்த்தால், ரயில் டிக்கெட், அறை, கைடு, ஆட்டோ, கார், சாப்பாடு எல்லாம் சேர்த்து மூன்று பேருக்கும் அந்தப் பழைய பேக்கேஜைவிடக் கொஞ்சம் கூடத்தான் ஆனது. கார் இல்லாமல் பஸ்ஸில் தாராசுரம் போயிருந்தால் குறைந்திருக்கும், அம்மாவுக்காகக் கார். கைடுக்கு முடிவில் 1,000-க்குப் பதில் 1,500 கொடுத்தேன், அவர் மீதி 500-ஐத் திருப்பித்தரப் பார்த்தார், பாப்பாவுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்த சம்பளம் என்று சொன்னபிறகுதான் வாங்கிக்கொண்டார்.

இரவு ரயிலுக்கு நேரம் இருந்தது. அம்மா, "இன்னொரு தடவை உள்ளே போயிட்டு வந்துடலாமா" என்றார். மூட்டை முடிச்சை லாட்ஜிலேயே விட்டுவிட்டு ஏழரை மணிக்கு மூன்றாவது தடவையாகக் கோயிலுக்குள் போனோம், எட்டரை வரை நடை திறந்திருக்கும். தரை வெதுவெதுப்பாக இருந்தது. வடபக்கம் போய்ச் சுவரில் தேடினால் எல்லா வரியும் ஒரே மாதிரி இருக்கிறது, முந்தின நாள் காலையில் கைடு குச்சியை நகர்த்திய இடம் எது என்று எனக்கும் அம்மாவுக்கும் தெரியவில்லை. விளக்கு வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்துகொண்டிருந்தது. மகள் ஒவ்வொரு வரியாக, க, க, என்று முணுமுணுத்துக்கொண்டே பக்கவாட்டில் நகர்ந்து போனாள். கொஞ்ச தூரத்தில் நின்றாள். "பாட்டி, இங்கே வாங்க" என்றாள்.